தொட்டியில் மீன் சாகிறது, காரணம் மட்டும் தெரியவில்லை

காலையில் விளக்கைப் போட்டதும் ஃபில்டர் குழாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு மீன் கிடக்கும். முந்தின இரவு இரை போட்டபோது முதல் ஆளாக ஓடி வந்து தின்ற மீன்தான். உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, காயம் இல்லை, துடுப்பு அழுகவில்லை. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எட்டு நாள் கழித்து இன்னொன்று. பல வகை மீன்களைக் கலந்து வளர்ப்பவர்களுக்கு இதைவிட எரிச்சலான சங்கதி கிடையாது. என்ன நோய் என்று தெரிந்தாலாவது மருந்து ஊற்றலாம்.

என் 200 லிட்டர் தொட்டியில் இப்படி 5 வாரத்தில் 7 மீன்கள் போயின. போயேசமானி ரெயின்போ 4, ரோஸி பார்ப் 2, நியான் டெட்ரா 1. அந்த 5 வாரத்தில் 4 வாரத்தை நானே வீணடித்தேன். மூன்றாவது மீன் செத்தபோதே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை வாங்கி ஊற்றினேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இல்லை; கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த மருந்து, மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவைத் தின்று தீர்க்க ஃபில்டரில் குடியிருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்து, அதுவரை இல்லாத அமோனியாவைக் கொண்டுவந்தது. இப்போதெல்லாம் மீன் செத்தால் எந்த வரிசையில் தேடுகிறேனோ, அதை அப்படியே எழுதுகிறேன்.

வாளியை எடுக்கும் முன்

செத்த மீனைப் பார்த்ததும் கை தானாக வாளியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். அதை அன்றைக்கே சோதித்துவிட வேண்டும், வைக்க வைக்க பிஎச், அதாவது தண்ணீரின் புளிப்பு-கார அளவு, நகர்ந்துவிடும். முதல் இரண்டு தடவை நான் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அதற்கப்புறம் சோதித்து, அமோனியா பூஜ்யம் என்று நிம்மதியாக இருந்தேன். சோதிக்க வேண்டிய தண்ணீர் சாக்கடையில் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்து, இருக்கிற மீன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் தேடிப் பிடிக்காமல் விடாதீர்கள். கல்லுக்குப் பின்னால் அழுகும் ஒரு மீன், நேற்றைய சாவின் அடையாளமாகவும் நாளைய சாவின் காரணமாகவும் இருக்கலாம். மரத்துண்டின் பொந்து, ஃபில்டர் உறிஞ்சும் வாய், ஹீட்டருக்குப் பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். தரையையும் பாருங்கள். என் கணக்கில் வந்த நியான் தொட்டிக்குள் சாகவே இல்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. அது ஏன் குதித்தது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் ஒரு ரெயின்போ மிஞ்சியிருக்கும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, உயிரோடு இருப்பவற்றைக் கவனிக்கலாம். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இல்லையென்றால் ஃபில்டர் தண்ணீர் கொட்டும் வாயை மேற்பரப்பு அலையடிக்கிற மாதிரி திருப்புங்கள். இரையை இரண்டு நாள் நிறுத்துங்கள், வளர்ந்த மீனுக்கு அது ஒன்றும் செய்யாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, அதே சூட்டில், குளோரின் நீக்கும் மருந்து கலந்து மாற்றுங்கள். மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டியாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

செத்த மீன் சொல்வது

தண்ணீரில் நாலைந்து மணி நேரம் கிடந்த மீன் பொய் சொல்லும். கண் வெளுத்திருக்கும், நிறம் போயிருக்கும், நத்தையும் மற்ற மீன்களும் துடுப்பைக் கடித்திருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு கண் நோய், துடுப்பு அழுகல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இப்போதுதான் செத்தது என்றால் மட்டும் வெள்ளைத் தட்டில் போட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன்களுக்குக் காசநோய் மாதிரி வரும் மைக்கோபாக்டீரியம் மரீனம் என்ற கிருமி, காயத்தின் வழியாக நம் தோலுக்கும் வரும்.

செவுள் மூடியை ஒரு பல்குத்தியால் மெல்லத் தூக்குங்கள். நல்ல செவுள் பளிச்சென்று சிவப்பாக, சீப்பின் பல் மாதிரி வரிசையாக இருக்கும். அது பழுப்பாக, சாக்லேட் நிறத்தில் இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள்; பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வழியில் நடுவில் வரும் விஷம் அது. நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத வேறொன்றாக மாறிவிடும், ரத்தமே பழுப்பாகும். செவுளில் கெட்டியான சளி என்றால் ஏதோ ஒன்று அதை எரித்திருக்கிறது: அமோனியா, குளோரின், ஒட்டுண்ணி, எதுவாகவும் இருக்கலாம். வயிறு உப்பி, செதில்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டு நீர் கோத்திருக்கிறது. ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தொங்கினால் கமல்லானஸ் புழு. வாய் பிளந்து, இரண்டு செவுள் மூடிகளும் விரிந்தபடியே விறைத்திருந்தால் மூச்சுக்குத் திணறியிருக்கலாம்.

என் இரண்டாவது ரெயின்போ இந்தக் கடைசி நிலையில்தான் கிடந்தது. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்தேன், அர்த்தம் தெரியவில்லை.

எது, எப்போது, எந்த வரிசையில்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் செத்தவை, தேதியோடு, வலப்பக்கம் பிழைத்தவை. வலப்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

ஒரே இரவில் பாதித் தொட்டி காலியானால் நோயைத் தேட வேண்டாம். குளோரின், விஷம், மூச்சுத் திணறல், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு விடாமல் ஓடிய ஹீட்டர், இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நாலைந்து நாளுக்கு ஒன்று என்று போனால் நோய், சண்டை, கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் தண்ணீர். வாங்கி வந்து பத்து நாளுக்குள் புது மீன்கள் மட்டும் செத்தால், அவை வந்த வழியிலேயே அடிபட்டிருக்கலாம், அல்லது உங்கள் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. புதிது வந்த இரண்டு வாரத்தில் பழைய மீன்கள் சாகத் தொடங்கினால், வந்தது வெறும் கையோடு வரவில்லை. அதனால்தான் புது மீனை 3, 4 வாரம் தனித் தொட்டியில் வைக்கச் சொல்வது. ஒரே இனம் மட்டும், அதுவும் ஒன்றாக வாங்கியவை, அடுத்தடுத்துப் போனால் வயதையும் கணக்குப் பாருங்கள். கப்பி மீன் ஏறக்குறைய இரண்டு வருடம்தான் வாழும். ஒரே நாளில் வாங்கிய பத்து கப்பிகள் ஒரே மாதத்தில் செத்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் பார்க்கும் ஒரு குறி தொட்டிக்கும் உதவும்: ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் பெரிய மீன் சாகும், விஷம் என்றால் சின்ன மீன் முந்தும். இறால், நத்தை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இறால்கள் செத்து மீன்கள் திடமாக இருந்தால் செம்பு கலந்த மருந்தையோ பூச்சிக்கொல்லியையோ தேடுங்கள். இறால் ஜோராக மேய்ந்துகொண்டிருக்க மீன் மட்டும் செத்தால் நோய், சண்டை பக்கம் திரும்புங்கள்.

எண்கள் சரியாக இருந்தும்

அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 40 பங்கு). இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் சோதனையே தப்பாக இருக்கலாம். கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். காகிதப் பட்டை வகைகள் பலவற்றில் அமோனியா சோதனையே கிடையாது. ஐந்து கட்டமும் நல்ல நிறத்தில் இருந்தாலும் முக்கியமானதை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். சொட்டு மருந்து வகையில் நைட்ரேட்டுக்கான ஒரு பாட்டிலில் பொடி அடியில் தங்கிவிடும். அதை அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் ஊற்றினால் நைட்ரேட் குறைவாகவே காட்டும்.

அமோனியா எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள், பக்கத்தில் பிஎச் எண்ணையும் வையுங்கள். கிட் காட்டுவது மொத்த அமோனியா. அதில் நிஜமான விஷப் பங்கு, 25 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரே எண், கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம்.

தண்ணீர் மாற்றாத பழைய தொட்டியின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஃபில்டர் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது பிஎச் விழாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். புதுத் தண்ணீர் வராவிட்டால் அது தீர்ந்து, ஒரு நாள் பிஎச் மடமடவென்று விழும். பிஎச் 6-க்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாவும் சோம்பிவிடும், அமோனியா சேரும். ஆனால் அந்தப் புளித்த தண்ணீரில் அது அம்மோனியமாக, பெரிய தீங்கு செய்யாமல் கிடக்கும். மீன்களும் எப்படியோ பழகிக்கொள்ளும். பிறகு ஞானோதயம் வந்து, பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரால் பாதித் தொட்டியை நிரப்புகிறோம். சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் விஷமாகிறது. தண்ணீர் மாற்றினேன், செத்துவிட்டது என்று பலர் சொல்வதில் இந்த ரகமும் உண்டு. இப்படிப்பட்ட தொட்டிக்கு நாளொன்றுக்கு 10 சதவீதம் போதும், அதையும் மெதுவாக ஊற்றுங்கள்.

குழாய்த் தண்ணீரையும் ஒரு தடவை சோதியுங்கள், பிடித்த உடனே ஒன்று, ஒரு நாள் திறந்து வைத்து ஒன்று. இரண்டுக்கும் பிஎச் வித்தியாசம் பெரிதாக இருந்தால் புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் மீனுக்கு ஒரு குலுக்கல். குளோரின் திறந்து வைத்தால் போய்விடும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோராமின் அவ்வளவு லேசில் போகாது. அதற்கு அந்த நீக்கும் மருந்தைத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் அதிலிருந்து அமோனியா பிரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு ஆட்களிடம் கேளுங்கள்

கடைசி நான்கு வாரத்தில் தொட்டியைச் சுற்றி என்ன மாறியது? உங்களுக்குத் தெரிந்தது பாதிதான், மீதி வீட்டில் மற்றவர்களுக்குத்தான் தெரியும். திட்டுகிற குரலில் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பூச்சி மருந்து ஸ்பிரே அடித்தார்களா? அவற்றில் பலவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. கண்ணாடியை எந்த திரவத்தால் துடைத்தார்கள்? மீன் வாளியில் சோப்புத் தூள் கரைத்தார்களா? கிரீம் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டது யார்? புதுக் கல், புது மணல், பெயின்ட் அடித்த அலங்காரப் பொருள்? ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவினீர்களா? பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நின்ற கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருப்பது) அப்படியே திரும்ப ஓடவிட்டீர்களா? உள்ளே பாக்டீரியா செத்து நாறிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும். ஆழமான மணலைக் கிளறியபோது அழுகின முட்டை நாற்றம் வந்ததா?

சண்டை வேறு கதை. பகலில் சாதுவாக இருக்கும் மீன் ராத்திரியில் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. காயம் இல்லாததால் சண்டை இல்லை என்று நினைக்காதீர்கள். துரத்தித் துரத்தி, இரைக்கு விடாமல், மூலையில் ஒதுக்கியே கொல்லும். செத்த மீனின் வயிறு குழிந்து, முதுகு கத்தி போல இருந்தால் பட்டினி அல்லது நாள்பட்ட நோய். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

மருந்து கடைசியில்தான். வெள்ளைப் புள்ளி நோய்க்கு உப்புக்கல் போல் புள்ளி தெரியும், வெல்வெட் நோய்க்குத் தங்கத் தூள் தூவியது போல் தெரியும். கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல முடிந்த நோய்க்கு மட்டும், முடிந்தவரை தனித் தொட்டியில் கொடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஊற்றுவது என்னை மாதிரி ஆட்கள் செய்கிற வேலை.

என் தாளின் வலப்பக்கம்

ஐந்தாவது வாரம், வேறு வழி இல்லாமல் அந்த இரண்டு பத்தியை எழுதினேன். செத்தவை பக்கம் பெரிய ரெயின்போக்களும் பார்ப்களும். பிழைத்தவை பக்கம்: ரெயின்போ 2, பார்ப் 4, நியான் 14, முத்து கௌராமி 3, கோரிடோரஸ் 6. கௌராமியிலும் கோரிடோரஸிலும் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த வரியிலேயே கண் நின்றது. கௌராமிக்குத் தலைக்குள் தனி மூச்சு உறுப்பு உண்டு, மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கோரிடோரஸ் ஒரு மடக்குக் காற்றை விழுங்கிக் குடலாலேயே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். ஆக, வெளிக்காற்றைக் குடிக்கத் தெரிந்தவை எல்லாம் இருக்கின்றன. போனதெல்லாம் செவுளை மட்டும் நம்பியவை, அதிலும் பெரியவை முதலில்.

இதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம்: தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லை, செவுள் கெட்டிருக்கிறது, அல்லது ரத்தம் நைட்ரைட்டால் கெட்டிருக்கிறது. மருந்து ஊற்றுவதற்கு முன்பும் மீன் செத்தது, அப்போது நைட்ரைட் 0. செவுள் நோய் என்றால் பகலிலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு மீனும் அப்படிச் செய்யவில்லை. நான் சோதித்ததும் மீன்களைப் பார்த்ததும் எப்போதும் சாயங்காலம் 7 மணிக்கு, செடிகள் நாள் முழுக்க ஆக்ஸிஜனை விட்டு முடித்த நேரத்தில். விளக்கு அணைந்தால் அதே செடிகளும் மீனோடு சேர்ந்து ஆக்ஸிஜனை எடுக்கத் தொடங்கும். விடிவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறையும்.

அலாரம் வைத்து காலை 4:15-க்கு எழுந்தேன். துணி சுற்றிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். மிதக்கும் செடிகளுக்கு நடுவே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. அதில் மிச்சமிருந்த இரண்டு ரெயின்போக்களும் வால் கீழே தொங்க, வாயைத் தண்ணீரின் தோலில் ஒட்டிவைத்தபடி நின்றன. செவுள் மூடி அடித்த வேகத்தை எண்ண முடியவில்லை. நியான்கள் அத்தனையும் கண்ணாடி ஓரத்தில் மேலே வரிசையாக. ஒரு கோரிடோரஸ் அடியிலிருந்து விருட்டென்று மேலே போய் ஒரு மடக்குக் குடித்துவிட்டு இறங்கியது. தெர்மாமீட்டரில் 30 டிகிரி.

மூன்று மாதம் முன்பு ஏர் பம்பின் உறுமல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று, விளக்கு ஓடும் டைமரிலேயே பம்பையும் மாட்டியிருந்தேன். விளக்கு அணைந்தால் பம்பும் அணையும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் மறந்தும் போனேன். அப்புறம் மிதக்கும் செடிகள் பரவி மேற்பரப்பை மூடின. ஃபில்டரின் வாய் தண்ணீருக்குள் முழுகிவிட்டது. வெயில் ஏறியது: 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரைக்கும் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.5-தான். ரெயின்போக்களும் வளர்ந்துவிட்டன. இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் தொட்டி தாங்கியிருக்கும்.

அந்த நேரத்திலேயே பம்பை டைமரிலிருந்து கழற்றி நேராக மாட்டினேன். விடிந்ததும் மிதக்கும் செடியில் மூன்றில் இரண்டு பங்கை அள்ளி எடுத்து, ஃபில்டர் வாயை மேலே தூக்கினேன். ஒன்றை மட்டும் மாற்றிப் பொறுத்துப் பார்த்திருந்தால் எது முக்கியக் காரணம் என்று தெரிந்திருக்கும். அந்தப் பொறுமைக்கு அன்றைக்கு இடமில்லை. அடுத்த இரண்டு இரவும் 4 மணிக்கு எழுந்து பார்த்தேன். ரெயின்போக்கள் நடுத் தண்ணீரில், நிறம் மங்கி, ஆடாமல் தூங்கிக்கொண்டிருந்தன. பம்பை இப்போது ஸ்டாண்டில் வைக்காமல், பழைய ஃபில்டர் பஞ்சில் சுற்றி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். காதை வைத்துக் கேட்டால்தான் உறுமுகிறது.